இடது பீரோ, வலது பீரோ

ஒரு ஊர்ல, தெருவுக்குள்ள நுழைஞ்சாலே ஏலக்காய் மணக்கிற ஒரு ஊர்ல, ஒரு லைப்ரரி அக்கா இருந்தா. பேரு செண்பகவல்லி. காலை உதைக்காதடீ, போர்வை விலகுது பாரு.

ம்.

அந்த ஊர்ல முக்காவாசிப் பொம்பளைங்களுக்கு ஏலக்காய் கடையிலதான் வேலை. மலையில இருந்து மூட்டை மூட்டையா வரும். அதைச் சல்லடையில கொட்டி, சலசலன்னு சலிச்சு, பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம்னு பிரிப்பாங்க. செண்பகவல்லியும் சின்ன வயசுல அம்மா கூட உக்காந்து அந்த வேலையைப் பாத்தவதான். அப்புறம் படிச்சு, பரீட்சை எழுதி, லைப்ரரிக்கு வந்துட்டா. ஆனா கைப்பழக்கம் விடுமா? இங்க வந்து மனுசங்களைச் சலிக்க ஆரம்பிச்சுட்டா!

என்ன பண்ணினா தெரியுமா? லைப்ரரி வாசல் நிலையில, என் தோள் உசரத்துக்கு, பச்சை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டா. கோட்டுக்குக் கீழ இருந்தா இடது பீரோ. அதுல முயலு, சிங்கம், ராஜா, மந்திரி. கோட்டுக்கு மேல வளந்துட்டா வலது பீரோ. அதுல சரித்திரம், வைத்தியம், சட்டம், தடிதடியா நாவல். யாரு வந்தாலும் நிமிந்து ஒரு பார்வை பாப்பா. அப்புறம் அவளே ஒண்ணை எடுத்துக் குடுத்துருவா. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எல்லாத்தையும் தரம் பிரிச்சே பழகின ஊரு இல்லையா.

ம்.

அப்போ ஒரு நாள் பவுன்ராசுன்னு ஒருத்தரு வந்தாரு. ஏலக்காய் கடையில மூட்டை தூக்குறவரு. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு அவரு மக நாகஜோதி. உன்னை விட ஒரு வயசு பெரியவ, எட்டு வயசு. பவுன்ராசு குரலைத் தாழ்த்திச் சொன்னாரு.

"மேடம், இவ ஆத்தா செத்து நாப்பது நாளாச்சு. அன்னையில இருந்து இவ வாயே திறக்கல. பள்ளிக்கூடத்துலயும் பேசல, எங்கிட்டயும் பேசல. முன்னெல்லாம் எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருப்பா. இவளைப் பேச வைக்கிற மாதிரி ஒரு புஸ்தகம் குடுங்க."

பேச வைக்கிற புஸ்தகம்! இப்படி ஒண்ணை யாரும் கேட்டதே இல்ல. புள்ள கோட்டுக்கு ஒரு ஜாண் கீழ நின்னுச்சு. அதனால க்ரீச்சுனு இடது பீரோவைத் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வர்ற குரங்குக் கதை ஒண்ணைக் குடுத்து அனுப்பினா.

அடுத்த வாரம் வந்தாங்க. "பேசினாளாண்ணே?" "இல்ல மேடம்." புஸ்தகத்தை வாங்கிப் பாத்தா, பிரிச்ச அடையாளமே இல்ல. அப்புறம், காட்டுல தொலைஞ்சுபோய் தைரியமா வீடு திரும்புற ஒரு பையன் கதையைக் குடுத்தா. அதுவும் போன மேனிக்குத் திரும்பி வந்துச்சு.

மூணாவது தடவை செண்பகவல்லி ரொம்ப யோசிச்சா. அம்மா செத்து நட்சத்திரமா மாறி, மேல இருந்து மகளைப் பாத்துக்கிற கதை ஒண்ணு இருந்துச்சு. இதுதான் சரியான மருந்துன்னு அவளுக்கு ஒரு நெனப்பு. எடுத்து நீட்டினா. நாகஜோதி அட்டையைப் பாத்துச்சு. வாங்கி, மேசை மேல டப்புனு கவுத்து வெச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு.

செண்பகவல்லிக்குச் சுருக்குனு பட்டுச்சு. மொதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் வெக்கமா போச்சு. 'இத்தனை நாளும் அப்பன்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கேனே, இந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?' நாற்காலியை விட்டு எந்திரிச்சு வந்து, புள்ள முன்னாடி குத்த வெச்சு உக்காந்தா.

"உனக்கு எது வேணுமோ நீயே எடுத்துக்க தாயி."

தூங்கிட்டியா?

ம்ஹூம். சொல்லு.

அப்போ நாகஜோதி மெல்ல நடந்துச்சு. இடது பீரோவைத் தாண்டிப் போச்சு. வலது பீரோ முன்னாடி நின்னு, எக்கி, ஒரு தடிப் புஸ்தகத்தை இழுத்துச்சு. தொம்முனு கீழ விழுந்துச்சு. பாத்தா, மனுசனோட இதயத்தைப் பத்தி ஒரு டாக்டர் எழுதின புஸ்தகம்.

"ஐயய்யோ, அது பெரியவங்க படிக்கிறது, வெச்சுரு!" பவுன்ராசு ஓடி வந்தாரு. செண்பகவல்லி வாயிலயும் அதே வார்த்தைதான் வந்துச்சு. உள்ள ரத்தமும் நரம்புமா படம் இருக்குமே, புள்ள பயந்துட்டா என்ன பண்றது? தடுக்கத்தான் கையைத் தூக்கினா. ஆனா, இத்தனை நாளா எதையும் சீந்தாத புள்ள, அந்தப் புஸ்தகத்தை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது. தூக்கின கையை அவ கீழ போட்டுட்டா.

"படிக்கட்டும்ண்ணே, விடுங்க."

நாகஜோதி தரையில உக்காந்து பக்கத்தைத் திருப்புச்சு. சரக். சரக். சரக். செவப்பா, பெருசா, இதயத்தோட படம் வந்ததும் அது மேல விரலை வெச்சுச்சு. தொண்டையைக் கனைச்சுச்சு. கரகரன்னு ஒரு குரல் வந்துச்சு.

"அக்கா, மழையில நனைஞ்சா இது நின்னுருமா?"

பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவங்க பேப்பரை எறக்கிட்டாங்க.

"ஏன் தாயி அப்படிக் கேக்குற?"

"நான்தான் குடையை மறந்துட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அம்மா குடை எடுத்துக்கிட்டு வந்துச்சு. விரிக்காமயே ஓடி வந்துச்சு. தொப்பலா நனைஞ்சிருச்சு. மறுநாள் இதயம் நின்னு செத்துப் போச்சு."

ஐயோ கண்ணு, அந்த எட்டு வயசுப் புள்ள இத்தனை நாளும் அதை உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டுத் தனியாக் கெடந்திருக்கு பாரு.

பவுன்ராசு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "இல்ல சாமி, இல்ல. உங்காத்தாளுக்குப் பொறக்கும்போதே நெஞ்சுல ஒரு ஓட்டை. டாக்டர் எனக்குப் படம் வரைஞ்சு காட்டினாரு. மழையால இல்ல. உன்னால இல்லவே இல்ல."

"ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ சின்னப் புள்ளன்னு..." அவரு மகளை இழுத்து அணைச்சுக்கிட்டாரு.

செண்பகவல்லி அந்தப் புஸ்தகத்துல தேடி, ஓட்டை விழுந்த இதயத்தைப் பத்தி எழுதியிருந்த பக்கத்தை எடுத்தா. ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திப் படிச்சா. புரியாத வார்த்தையை விளக்கிச் சொன்னா. மழைங்கிற பேச்சே அதுல இல்லைன்னு புள்ள ரெண்டு தடவை விரல் வெச்சுப் பாத்துக்கிச்சு. அப்புறம்தான் அழுதுச்சு. ஓன்னு, ஆத்தா செத்த அன்னிக்கு அழாத அழுகையெல்லாம் சேத்து அழுதுச்சு. யாரும் அழாதன்னு சொல்லல.

ம்.

அப்புறம் கெளம்புற நேரம், பவுன்ராசு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. "மேடம், எனக்கும் ஒண்ணு வேணும். இவளுக்குக் கதை சொல்றதெல்லாம் அவ ஆத்தாதான். எனக்கு ஒரு கதையும் தெரியாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படம் போட்டு, எழுத்துப் பெருசா..." அப்படியே கூசிப்போனாரு.

செண்பகவல்லி ரெண்டு பீரோவையும் விரியத் திறந்தா. ஒரு பையில அந்த டாக்டர் புஸ்தகம், ஒரு கரடிக் கதை, மலைப் பறவைகளைப் பத்தி ஒண்ணு, ஒரு நாவல், ஒரு சமையல் புஸ்தகம்னு கலந்து அடுக்கினா.

"இதுல எது எனக்கு, எது இவளுக்கு மேடம்?"

"அதை எங்கிட்டக் கேக்காதீங்கண்ணே. எனக்கே இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு."

அன்னிக்கு விளக்கு வெச்சதும் பவுன்ராசு கரடிக் கதையை எடுத்தாரு. விரலை வெச்சு, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிக் கூட்டி, வேர்க்க விறுவிறுக்க ஒரு பக்கம் படிச்சு முடிச்சாரு. இது போதும்னு புஸ்தகத்தை மூடப் போனாரு. அப்போ அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு நாகஜோதி கேட்டுச்சு:

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

பவுன்ராசு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாரு.

அவ்வளவுதான் கண்ணு. கதையும் படுத்துருச்சு, கரடியும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.