ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்

கதை சின்னது. குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில் நான் ஒன்று கேட்பேன். அப்போது பேசினால் போதும்.

கீழத்துறை என்று கடலோரத்தில் ஓர் ஊர். நல்ல கோடையில் ரமலான் வந்தது. பள்ளிவாசல் கிணறு வற்றிவிட்டது. தொழப்போகிறவர்கள் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குச் செல்லத்துரை என்பவன்தான் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தான். ஊரே நோன்பு வைத்திருக்கிறது என்று, பள்ளிவாசலுக்குள் நிற்கும்வரை அவனும் ஒரு மடக்குக் குடிக்கமாட்டான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அன்று பிற்பகல், அசர் தொழுகை. ஊரே உள்ளே மேற்கு நோக்கித் தொழுதுகொண்டிருந்தது. தெற்கு ஜன்னலுக்கு வெளியே, பந்தலில், பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி கொதித்தது. கஞ்சி காய்ச்சும் பிச்சைக்கனி குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஏதோ வந்து மோதியது. தேக்சா கவிழ்ந்து, கொதிக்கும் கஞ்சி அவர் இரண்டு கால்களிலும் கொட்டியது. மோதியது எது என்று அவர் பார்க்கவில்லை.

மோதியது ஜமாஅத் தலைவர் மரைக்காயருடைய மகன் நிஸ்தாரின் பைக். தொழுகைக்குப் பிந்திவிட்டதென்று பறந்து வந்தவன். விழுந்து துடிக்கிறவரை விட்டுவிட்டு, பைக்கைப் பின்சந்தில் தள்ளிவிட்டு, ஓடிப்போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டான். அல்லாஹ்வின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு!

தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது அங்கே இருந்தது தண்ணீர் லாரியும், பிச்சைக்கனியைத் தாங்கிப் பிடித்திருந்த செல்லத்துரையும்தான். "தலைவர் மவன் பைக்குதான் மோதிச்சு" என்றான். யார் கேட்டது? லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் விசாரணை. குற்றம் அவன்மேல் என்று முடிந்தால் போலீசில் ஒப்படைப்பார்கள். லாரி இனி ஊருக்குள் நுழையாது. அந்த லாரிதான் அவன் வீட்டுச் சோறு.

தொழுகையில் முன்வரிசையை விட்டு நகராத, தலைவருக்கு வேண்டிய மூன்று பேர் எழுந்தார்கள். "ரெண்டாவது ரக்அத்துல நிக்கும்போது ஜன்னல் வழியா எங்க கண்ணாலயே பாத்தோம். லாரி ரிவர்ஸ்ல வந்துதான் இடிச்சது." மூன்று வாய், ஒரே பேச்சு.

கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் இருந்த பிச்சைக்கனிக்கு மனம் இளகியது. "போவட்டும். நோன்பும் அதுவுமா ஏழை வயித்துல அடிக்க வேணாம். நான் அவனை மன்னிச்சிட்டேன்."

"நான் செய்யலியே காக்கா. செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றான் செல்லத்துரை.

"பாத்தியளா திமிரை!" என்றது கூட்டம்.

தலைவர் கையை உயர்த்தினார். மகன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் இதைச் சொன்னார்: "காயம்பட்டவரே மன்னிச்சாச்சு. சமாதானமாப் போயிருவோம். செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இவன் சாவியை வாங்கிட்டுப் போவட்டும்."

செல்லத்துரை சாவிக்குக் கை நீட்டவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். சீனியப்பா. பெண்களைக் கட்டிக்கொடுத்துப் பேரன் பேத்தி எடுத்த மனிதர். சம்பந்தியும் அதே முற்றத்தில் இருந்தார். "மோதினது நிஸ்தார் பைக்கு. நான் பாத்தேன்."

"எங்கன நின்னு பாத்தீரு?"

"விறகுக் கட்டுக்குப் பின்னால."

"தொழுவுற நேரத்துல அங்க என்ன சோலி?"

சீனியப்பா தலையைத் தொங்கப்போட்டார். "பீடி குடிச்சிட்டிருந்தேன்."

முற்றம் கொதித்தது. "நோன்பே இல்லியா!" சம்பந்தி எழுந்து கத்தினார்: "நேத்து நோன்பு தொறக்கையில என் பக்கத்துல உக்காந்து, முத ஆளாப் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டுனீரே ஓய்!" இந்த ஆள் சாட்சி செல்லாது என்றார்கள்.

தொழுகை நடத்தும் இமாம் ஹஜ்ரத், அந்த மூன்று பேரிடம் கேட்டார். "தொழுகையில நிக்கிறவன் கண் எங்க இருக்கணும்?"

"ஸஜ்தாவுல நெத்தி வைக்கிற எடத்துல, ஹஜ்ரத்."

"உங்க கண் ஜன்னல்ல இருந்திருக்கு. அப்போ தொழுகை பொய்யா, சாட்சி பொய்யா?"

இப்போதுதான் மூன்று பேரும் குனிந்து, காலடியில் விரித்திருந்த பாயைப் பார்த்தார்கள்.

"வாப்பா, நான்தான்" என்று நிஸ்தார் அழுதான்.

இதோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். என் வலி, நான் மன்னித்தேன், அதில் என்ன தப்பு என்றார் பிச்சைக்கனி. ஊர் இரண்டுபடாமல் சமாதானம் பண்ணினேன் என்றார் தலைவர். தன் பாவத்தைத் தனக்குள் மூடிவைக்கத்தானே மார்க்கம் சொல்கிறது, சபையில் கொட்டிய சீனியப்பாதான் தப்புச் செய்தவர் என்றார் சம்பந்தி. மன்னிப்பு, சமாதானம், பாவத்தை மூடிவைப்பது; மூன்றையும் மார்க்கம் நல்லது என்றுதான் சொல்கிறது. இப்போது சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி?

விடை: சீனியப்பா. இதற்குக்கூடவா யோசனை? காலைச் சுட்டவனை மன்னிக்கப் பிச்சைக்கனிக்கு உரிமை உண்டு. சுடாதவனை மன்னிப்பது அவன்மேல் குற்றத்தை ஏற்றுவது. தலைவர் காப்பாற்றியது ஊரை அல்ல, பிள்ளையை. பெற்ற பிள்ளைக்கு எதிராகவும் நீதியின் பக்கம் நில் என்பது அவர் தினமும் ஓதுகிற மார்க்கம். பாவத்தை மூடிவைக்கலாம்தான், அடுத்தவன் தலையை மூடியாக வைத்து மூடக்கூடாது. சீனியப்பா விட்ட நோன்பு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில், அல்லாஹ் பொறுத்துக்கொள்வான். மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் பொறுத்தால்தான் உண்டு. "செல்லத்துரை வாசலுக்குப் போய்ட்டு வாங்க. அப்புறம் ஒளுச் செய்யலாம்" என்று ஹஜ்ரத் அந்த மூன்று பேரையும் தலைவரையும் மகனையும் அனுப்பினார். போனார்கள். செல்லத்துரை கதவைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல எவனுக்கு உரிமை இருக்கிறது? வெயிலில் நிற்கட்டும்.