சும்மா உட்கார்ந்த கூலி

"மாஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் நஞ்சப்பன்.

"கேளுங்கண்ணா."

"சாதா டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்ட ஒரு கூலி வாங்கறீங்க. கோணல்மாணலா ஒண்ணு வந்தா மூணு மடங்கு வாங்கறீங்க. நரம்பு என்னமோ கொஞ்சந்தான் கூட ஆகுது. மிச்சக் காசு எதுக்குங்க?"

மாஸ்டர் ரோஸ்லின் உள்ளங்கையில் இருந்த வேர்க்கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

"நான் சும்மா உக்காந்திருக்கறதுக்கு."

நஞ்சப்பன் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

இவர்களில் வயதில் மூத்தவர் சீடரான நஞ்சப்பன்தான். ஐம்பதைத் தாண்டியவர். மாஸ்டருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரை மாஸ்டர் என்பார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சந்தில் ரோஸ்லினின் கடை. மற்ற கடைக்காரர்கள் கைவிரிக்கும் டென்னிஸ் ராக்கெட்டெல்லாம் கடைசியில் இங்கேதான் வரும். தலை முறம் அகலத்துக்கு இருப்பது வரும். நரம்பு நுழையத் துளைக்குப் பதிலாக உருளை வைத்தது வரும். கைப்பிடி இரண்டாய்ப் பிரிந்ததுகூட ஒருமுறை வந்தது.

நஞ்சப்பன் திருப்பூரில் பேட்மிண்டன் மட்டைகளுக்கு நரம்பு கட்டியவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். இந்தக் கோணல் வித்தையையும் கற்றுக்கொண்டால் கல்லா நிறையும் என்று வந்து சேர்ந்தார். ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. மாஸ்டர் இன்னும் ஒரு கோணல் ராக்கெட்டைக்கூட அவர் கையில் கொடுக்கவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

மாஸ்டர் செய்வதும் அவருக்குப் பிடிபடவில்லை. விசித்திரமாக ஒன்று வந்துவிட்டால் போதும், அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திருப்புவார். வெளிச்சத்தில் பிடிப்பார். கடலை கொறிப்பார். வாடிக்கையாளர் போன்மேல் போன் போடுவார்.

"ஆகிட்டிருக்குதுங்க" என்பார் மாஸ்டர்.

நஞ்சப்பன் பார்த்தவரையில் ஒன்றும் ஆகிக்கொண்டிருக்காது.

"இந்நேரம் நான் நாலு கட்டியிருப்பேன்" என்று முணுமுணுப்பார். அது உண்மைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று மாஸ்டர் போயிருந்தார். கடையில் நஞ்சப்பன் மட்டும்.

தபால் ஆபீசில் வேலை பார்க்கும் சந்திரிகா என்பவர் வந்தார். ஒரு பழைய துண்டைப் பிரித்து ராக்கெட்டை எடுத்து வைத்தார்.

நஞ்சப்பன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எல்லா ராக்கெட்டிலும் நரம்பு மேலும் கீழும் ஓடும், இடமும் வலமும் ஓடும். இதில் எல்லாமே சாய்வாக ஓடின. அதில் ஒன்று அறுந்து தொங்கியது.

"எங்கெங்கயோ கேட்டுப் பாத்துட்டேனுங்க" என்றார் சந்திரிகா. "எல்லாரும் வேற வாங்கிக்கச் சொல்றாங்க. எனக்கு முழங்கையில ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. வேற எதைப் புடிச்சாலும் கொஞ்ச நேரத்துல வலி உயிர் போயிரும். இது ஒண்ணுதான் வலிக்கறதில்ல. செஞ்ச கம்பெனியும் மூடிட்டாங்களாம். ஞாயித்துக்கெழமை ஆட்டம் இருக்குது."

"அவ்வளவுதானுங்களா? டீ குடிச்சிட்டு வாங்க. ஒரு மணி நேரத்துல தர்றேன்."

சந்திரிகாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் நஞ்சப்பனுக்குக் கை துறுதுறுத்தது.

அறுந்த நரம்பை அப்படியே விடக்கூடாது. மீதி நரம்புகள் ஒரு பக்கமாக இழுத்துச் சட்டத்தை வளைத்துவிடும். உடனே எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். நரம்பு கட்டுகிறவன் முதல் நாளில் கற்கும் பாடம் இது. நஞ்சப்பன் கட்டரை எடுத்தார். டக், டக், டக். துண்டுகளைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மேஜையையும் துடைத்தார்.

ராக்கெட்டை மெஷினில் மாட்டி, புது நரம்பைக் கையில் எடுத்தார்.

எந்தத் துளையில் ஆரம்பிப்பது?

சட்டம் முழுக்கத் துளைகள். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு வழியில் போட்டுப் பார்த்தார், பாதியில் முட்டி நின்றது. உருவினார். இன்னொரு வழியில் போட்டார். ஒரு பக்கச் சாய்வை மட்டும் கட்டி முடித்து இழுத்தபோது சட்டம் முறுகி முனகியது. பயந்து போய் எல்லாவற்றையும் தளர்த்தினார். போனில் தேடினார். இப்படி ஒரு ராக்கெட் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

மாஸ்டர் வந்தபோது நஞ்சப்பனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நடந்ததைச் சொன்னார். ரோஸ்லின் வெறும் சட்டத்தைப் பார்த்தார்.

"பழைய நரம்பு எங்கண்ணா?"

"வெட்டிட்டேனுங்க. அறுந்ததை அப்படியே வுட்டா ஃபிரேம் வளைஞ்சிருமில்லீங்களா?"

"ஆமா. வளைஞ்சிரும்."

"அப்ப நான் செஞ்சது சரிதானுங்களே?"

"சரிதான்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நஞ்சப்பனுக்கு.

"நீங்களே கட்டிக் குடுத்துருங்க மாஸ்டர்."

"எனக்குத் தெரியாதுண்ணா."

"உங்களுக்கா தெரியாது?"

"இதை நான் நரம்போட பாத்ததே இல்லையே. இங்க பாத்தவரு நீங்க ஒருத்தர்தான்."

நஞ்சப்பன் எங்கே பார்த்தார்? வெட்டத்தான் செய்தார்.

அந்நேரம் சந்திரிகா டீ குடித்துவிட்டு வந்தார்.

"ஆயிருச்சுங்களா?"

மாஸ்டர் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். சந்திரிகா சத்தம் போடவில்லை. வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டம் போனாப் போகுதுங்க" என்றார். "இது போச்சுன்னா எனக்கு டென்னிஸே இல்ல."

நஞ்சப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில் அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சந்திரிகா போனபின் ரோஸ்லின் தரையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். குப்பைக்கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார். நரம்புத் துண்டு, கடலைத்தோல், டீ கப் எல்லாம் விழுந்தன.

"கேளுங்கண்ணா" என்றார்.

"யாருகிட்டங்க?"

மாஸ்டர் குவியலைக் காட்டினார். பிறகு தன் இடத்துக்குப் போய் ஒரு சாதா ராக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

நஞ்சப்பன் கடலைத்தோலைப் பொறுக்கினார். நரம்புத் துண்டுகளைத் தனியே வைத்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கைக்கு வேலை இல்லாமல் உட்கார்வது அவருக்குப் பழக்கமே இல்லை. ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றினார். நிமிர்த்திவிட்டார். நிமிரவில்லை.

அப்போதுதான் கவனித்தார். சட்டத்தைச் சுற்றித் திரும்பிய இடத்தில் ஒவ்வொரு துண்டும் வளைந்தே கிடந்தது. வெட்டியும் அந்த வளைவு போகவில்லை. சாதா ராக்கெட்டில் திரும்பும் நரம்பு, போன திசைக்கே இணையாகத் திரும்பி வரும். இதுவோ விரித்த இரண்டு விரல்போல அகன்று நின்றது. ஒரு சாய்வில் போன நரம்பு எதிர்ச்சாய்வில் திரும்பியிருக்கிறது, கேரம் காய் பலகையில் பட்டுத் திரும்புவதுபோல. அதனால்தான் ஒரு சாய்வை மட்டும் கட்டியபோது சட்டம் முனகியது. இரண்டு சாய்வையும் கூடக்கூடவே கட்டியிருக்கிறார்கள்.

அகலம் துண்டுக்குத் துண்டு வேறாக இருந்தது. ஒரு துண்டைத் துளைகளில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அடுத்த துளைக்கு நகர்த்தினார். அதிலும் இல்லை. அதற்கடுத்ததில் அது தன் வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்தது.

இருட்டும் முன் மாஸ்டர் கடையைப் பூட்ட வேண்டியிருந்தது. மறுநாள் கதவைத் திறந்ததும் நஞ்சப்பன் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் சந்திரிகா எட்டிப் பார்த்தார். மெஷின் காலியாக இருந்தது. நஞ்சப்பன் மடியில் வெறும் சட்டம். கையில் ஒரு குப்பைத் துண்டு.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களா?"

"ஆகிட்டிருக்குதுங்க" என்றார் நஞ்சப்பன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவருக்கே உறைத்தது. மாஸ்டர் பக்கம் திரும்பினார். மாஸ்டர் கடலைப் பொட்டலத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் எழுந்து நரம்பைக் கோத்தார். ஒரு சாய்வில் ஒன்று, எதிர்ச்சாய்வில் ஒன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் காதைச் சட்டத்தில் வைத்துக் கேட்டார். அது முனகவில்லை. இந்த முறை கைக்கு எந்த அவசரமும் இல்லை.

ஞாயிறு காலை சந்திரிகா வந்து ராக்கெட்டை வாங்கினார். சந்தில் இறங்கி எதிர்ச்சுவரில் பந்தை அடித்தார். மெதுவாக அடித்தார். பிறகு ஓங்கி அடித்தார். நஞ்சப்பன் பந்தைப் பார்க்கவில்லை, அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டே இருந்தார் சந்திரிகா. நிறுத்தித் திரும்பியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வலிக்கலீங்க. எவ்வளவு தரட்டும்?"

"நரம்புக் காசு மட்டும் குடுங்க. கூலி வேண்டாங்க" என்றார் நஞ்சப்பன்.

"மூணு மடங்கு வாங்குங்கண்ணா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நஞ்சப்பன் பதறிப்போனார். "மாஸ்டர், வெட்டிப் போட்டது நானுங்க. அதுக்குப் போயி காசு வாங்கறதா?"

"வெட்டினதுக்கு யாரு கேட்டா?" என்றார் ரோஸ்லின். "உக்காந்ததுக்கு வாங்குங்க."