அக்காவின் கொழுப்பு மாத்திரை

தென்காசிக்குப் போகும் வழியில், மலையைப் பார்த்தபடி ஒரு நெஞ்சு நோய் மருத்துவமனை இருந்தது. அதன் பெரிய டாக்டர் சண்முகவடிவு, அதிகம் பேசாத பெண்மணி. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் அருளப்பன். பெரிய டாக்டரைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்த ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவருக்கு இனி என்ன படிப்பு என்று ஊரில் சிரித்தார்கள். அருளப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அந்த வருஷம் புதிதாக ஒரு வைரஸ் காய்ச்சல் பரவியது. தொண்டையில் தொடங்கி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கென்று மருந்து கிடையாது. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

சண்முகவடிவுக்கு ஒரு யோசனை இருந்தது. இந்த வைரஸ் நுரையீரல் செல்களில் கொழுப்பைச் சேர்த்துவைத்து, அதைத் தின்று பெருகுவதைப் பரிசோதனைக்கூடத்தில் பார்த்திருந்தார். அப்படியானால், கொழுப்பைக் குறைப்பதற்காக மருந்துக்கடைகளில் விற்கும் பழைய மாத்திரை இதற்கும் உதவலாம். புது மருந்து செய்து முடிப்பதற்குள் எத்தனையோ பேர் போய்விடுவார்கள். இது கைக்கெட்டிய இடத்தில் இருக்கிறது.

உரிய அனுமதிகளை வாங்கிச் சோதனையைத் தொடங்கினார். சம்மதித்து வருகிறவர்களுக்கு வழக்கமான வைத்தியம் எல்லாம் உண்டு. அதற்கு மேல், சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொழுப்பு மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. அந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்களை மட்டும் சேர்ப்பதில்லை.

அருளப்பனுக்கு இது பொறுக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க, டாக்டர்."

"இது என்ன நேத்து வந்த மருந்தா? கிளினிக்ல என் பேனா இதைத் தானாவே எழுதுமே. இதுல பாதிப் பேருக்கு எதுக்கு மாவை உருட்டிக் கொடுக்கணும்? எல்லாருக்கும் நல்லதையே கொடுத்துட்டா என்ன?"

சண்முகவடிவு மேஜை டிராயரிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது கொழுப்புக்கு நல்லதா?"

"நல்லது மேடம்."

"இந்தக் காய்ச்சலுக்கு?"

"அதுக்கும் நல்லதாத்தான் இருக்கும்."

"யாரு பார்த்தது?"

பெரிய டாக்டர் அட்டையை எடுத்து டிராயரில் போட்டுவிட்டு வார்டைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

அந்த வாரமே அருளப்பனின் அக்கா மரியபுஷ்பத்தைக் காரில் தூக்கிவந்தார்கள். ஊரில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அம்மா இறந்த பிறகு அருளப்பனை வளர்த்து டாக்டராக்கியது அந்தக் கடைதான். இப்போது அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது.

சிஸ்டர் கட்டிலருகே வந்து கேட்டார். "அம்மா வழக்கமா ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

மரியபுஷ்பம் ஆக்சிஜன் முகமூடிக்குள் வாயைத் திறந்தார். அதற்குள் அருளப்பன் முந்திக்கொண்டார்.

"அக்காவுக்கு ஒண்ணும் கிடையாது சிஸ்டர். தலைவலின்னுகூடப் படுத்ததில்லை. எனக்குத் தெரியாதா?"

மரியபுஷ்பம் ஒரு விரலைத் தூக்கினார். தம்பி அந்த விரலைப் பிடித்து, "பேசாதேக்கா, மூச்சு வாங்கும்" என்று போர்வைக்குள் வைத்தார். அவரையும் சோதனையில் சேர்த்து, மறுநாள் காலையில் சீட்டு எடுப்பதாக முடிவானது.

அருளப்பனுக்கு மனசு ஆறவில்லை. அக்காவுக்கும் சீட்டுக்கும் என்றைக்குமே ராசி கிடையாது. குலுக்கல் சீட்டில் சேர்ந்தாலும் கடைசி மாதம்தான் அவர் பெயர் வரும். நாளைக்கு மாவு மாத்திரை விழுந்துவிட்டால்? கையில் மருந்து இருந்தும் கொடுக்காமல் விட்டவன் என்று காலமெல்லாம் குத்துமே?

சாயங்காலம் எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போய்க் கொழுப்பு மாத்திரை ஒரு அட்டை வாங்கினார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார்.

"அக்கா, வாயைத் திற. யார்கிட்டயும் சொல்லாதே."

மரியபுஷ்பம் முகமூடியை நகர்த்தி அட்டையைப் பார்த்தார். சற்றுத் தள்ளிப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"இதையால கொண்டுவந்தே? இதை நான் எட்டு வருஷமா முழுங்குதேன். இன்னிக்குக் காலையிலகூட முழுங்கிட்டுத்தான் கார்ல ஏறினேன்."

"என்னது? யாரு எழுதிக் கொடுத்தா?"

"செங்கோட்டை டாக்டரு."

"வீட்டுல ஒரு டாக்டர் இருக்கேன், செங்கோட்டைக்கா போனே?"

"உங்கிட்டச் சொன்னா ஆட்டுக்கறியை நிறுத்தும்பே." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். "அவரு நல்ல மனுசன். ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"சிஸ்டர் கேட்டப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"என்னை எங்கல பேச விட்டே?"

பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு இருந்த இட்லிக்கடை பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அருளப்பன் திரும்பினார். சண்முகவடிவு பின்னால் நின்றிருந்தார்.

பெரிய டாக்டர் கையை நீட்டினார். அருளப்பன் அட்டையைக் கொடுத்தார்.

"இதுவும் சேர்ந்து உள்ளே போயிருந்தா?"

"ரெண்டு மடங்கு ஆகியிருக்கும் மேடம். தசை கெட்டு, கிட்னியில போய் அடிச்சிருந்தாலும் அடிச்சிருக்கும். இந்த நிலைமையில தாங்கியிருக்க மாட்டா."

"அவங்க வழக்கமா சாப்பிடுறது அப்படியே இருக்கட்டும். கூட எதுவும் வேண்டாம். சோதனையிலயும் வேண்டாம்."

அருளப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷமா சாப்பிட்டும் இப்படிக் கிடக்கிறாளே மேடம். அப்ப இந்த மருந்து இந்தக் காய்ச்சலுக்கு ஆகாது. எதுக்கு ஊரை ஏமாத்தணும்? சோதனையை நிறுத்திரலாம்."

"சரி."

"நிறுத்திரலாமா?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்."

அடுத்த இரண்டு நாளும் மரியபுஷ்பத்தின் மூச்சு இன்னும் மோசமானது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள். குப்புறப் படுக்கவைத்தார்கள். அருளப்பன் டாக்டராக இருப்பதை விட்டுவிட்டு, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு தம்பியாக உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நெஞ்சின் இரைச்சல் குறைந்தது. அதற்கடுத்த நாள் மத்தியானம் மரியபுஷ்பம் தானே முகமூடியைக் கழற்றி, "கஞ்சியில உப்பே இல்லை" என்றார்.

அருளப்பன் பெரிய டாக்டரின் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மேடம், அக்கா பிழைச்சுட்டா! ஆக்சிஜனே வேண்டாங்கிறா. உள்ளே இருந்த மாத்திரைதான் மேடம் தாங்கிப் பிடிச்சிருக்கு. இனிமே சீட்டு எதுக்கு? இன்னிக்கே எல்லாருக்கும் கொடுத்துருவோம்."

சண்முகவடிவு எழுந்தார். வார்டுக்கு நடந்தார். "மாத்திரைதான் மேடம் காப்பாத்துச்சு" என்று வார்டுக்குள்ளும் சொல்லிக்கொண்டே அருளப்பன் பின்னால் போனார்.

பஞ்சவர்ணம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் முகமூடி இல்லை.

"இவங்க எப்போ ஆக்சிஜனை விட்டாங்க?" என்று சண்முகவடிவு கேட்டார்.

"காலையில, மேடம்."

"என்ன மாத்திரை?"

பஞ்சவர்ணமே பதில் சொன்னார். "கொழுப்பு மாத்திரையும் வேண்டாம், மாவு மாத்திரையும் வேண்டாம்னுட்டேன் டாக்டரம்மா. நாலு மாவு அரைக்கிற வீட்டுக்கே மாவு விக்கப் பார்த்தாரு உங்க டாக்டரு."

மரியபுஷ்பம் கட்டிலில் சாய்ந்தபடி தம்பியைப் பார்த்தார்.

"எலேய், அன்னிக்கு நான் சாகக் கிடக்கேன், மாத்திரை ஆகாதுன்னே. இன்னிக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கேன், மாத்திரைதான் காப்பாத்துச்சுங்கே. ரெண்டுக்கும் நான்தானா சாட்சி? என்னை வீட்டுக்கு அனுப்புல, மிஷின் எல்லாம் துருப்பிடிச்சிரும்."

அருளப்பன் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நின்றார். ஒரு பக்கம் மாத்திரை சாப்பிட்டவர். மறுபக்கம் சாப்பிடாதவர். இரண்டு பேரும் கஞ்சியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மெல்லக் கேட்டார். "அப்ப அக்காவை வச்சு என்னதான் தெரிஞ்சுது மேடம்?"

"உங்க அக்காவைத் தெரிஞ்சுது."

"மருந்தைப் பத்தி?"

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் இறங்கின. அவற்றின் பின்னால், மூச்சு வாங்க, நடந்தே வந்தவர்கள் சிலர்.

சண்முகவடிவு அவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"அதை இத்தனை பேரும் சேர்ந்துதான் சொல்லணும். போய்ச் சம்மதமா, வேற என்ன மாத்திரைன்னு கேளுங்க, டாக்டர். பதிலை அவங்களே சொல்லட்டும்."