செங்காயி கண்ட கனவு

பண்ணையார் நல்லமுத்து போய்ச் சேர்ந்து மூன்று மாதம். உயில்படி சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் மணியகாரர் பொன்னுச்சாமி. உயிலை மடியை விட்டு எடுக்கவே மாட்டார். தோட்டக்காரி செங்காயி, "எனக்கு என்னமோ எழுதியிருக்குதாமுங்க, காட்டுங்க" என்று கேட்டால், "உனக்கெதுக்கடி அது?" என்று விரட்டுவார். பண்ணையாரின் தென்னந்தோப்பு இளநீரை அவரே குடித்தார்.

ஊர்க் கோயிலில் குண்டம் இறங்கி நெருப்பில் நடப்பவர்களுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. விடியல் மஞ்சு கோயிலை மூடியிருந்தது. கூட்டத்தில் செங்காயி சொன்னாள்:

"எசமான் கனவுல வந்தாருங்க. மஞ்சுக்குள்ள மிதந்தாப்புல தோப்புக்குள்ள நடந்தாரு. 'குண்டம் எறங்கறேன்னு வேண்டிக்கிட்டேன், முடியல. தோப்பு யாருக்கோ, அவங்க நெருப்புல நடக்கட்டும்'னாரு."

பூசாரி மஞ்சள் கயிற்றோடு மணியகாரரிடம் திரும்பினார். "தோப்பு உங்க கையிலதானுங்களே? கையை நீட்டுங்க."

"ஐயோ, எனக்கில்லை! தோப்பு இவளுக்குத்தான், பாருங்க!" என்று மணியகாரர் மடியிலிருந்த உயிலை உருவி நீட்டினார். பூசாரி அதை ஊர் கேட்க வாசித்தார்.

செங்காயி கையை நீட்டினாள். "கட்டுங்க. ஒம்பது வருசமா எறங்கறவதானே."

பூசாரி குனிந்து கேட்டார். "ஏம்மா, எசமான் நெசமாவே வந்தாரா?"

"வந்தாருங்க. வேண்டுதலைத்தான் நான் சேத்துக்கிட்டேன்."