முதல் விரல் முதலாளிக்கு

"சர்க்கரை இருக்கிறவன் எவனும் நாளையிலிருந்து என் மில்லுக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார் முதலாளி விசாகப்பெருமாள். சுகாதாரத் துறையோடு சேர்ந்து அவரே நடத்திய சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம். வரிசையில் நின்ற தொழிலாளிகள் விரலை மடக்கிக்கொண்டார்கள்.

பேச்சுக்கு நடுவே அவர் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்ததை, ரத்தம் சோதிக்க வந்த நர்ஸ் செண்பகவல்லி கவனித்திருந்தாள்.

"முதல் மரியாதை உங்களுக்குத்தாங்க முதலாளி. விரலை நீட்டுங்க."

கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், ஊரே பார்க்க எப்படி மறுப்பார்? நீட்டினார்.

கருவியில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் அதை அவர் பக்கம் மட்டும் திருப்பினாள்.

"நாளைக்கு நீங்க மில்லுக்கு வருவீங்கல்ல முதலாளி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் வியர்வையைத் துடைத்தார். மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"சர்க்கரை இருந்தாலும் யாரு வேலையும் போகாது. மாத்திரையும் மில்லே கொடுக்கும்."

காரணத்தை யாரும் கேட்கவில்லை. மடக்கிய விரல்கள் எல்லாம் நீண்டன.