அம்மா நிறையச் சாப்பிட்ட ஊர்

சீடர் குற்றாலிங்கத்துக்கு முக்தியில் எல்லாம் பெரிய ஆசை கிடையாது. தன் குரு ஒரே ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

குரு வடிவம்மா அவரைவிட ஆறு வயது இளையவர். தென்காசிப் பக்கம் சின்னதாக ஓர் ஆசிரமம் வைத்திருந்தார். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த குற்றாலிங்கம், வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சமையல் அவர் பொறுப்பு. வடிவம்மா அவரை அண்ணாச்சி என்பார். அது வயதுக்கு மரியாதை. அவர் வடிவம்மாவை அம்மா என்பார்; அது ஞானத்துக்கு மரியாதை.

பத்தொன்பது வருஷமும் ஒரே கதைதான். குற்றாலிங்கம் பார்த்துப் பார்த்துச் சமைப்பார். பக்கத்தில் நின்று பரிமாறுவார். வடிவம்மா கோழி கொத்துவதுபோல நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும் அண்ணாச்சி" என்று எழுந்துவிடுவார்.

அந்த வருஷம் இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்தில் நடந்த தியான முகாமுக்கு வடிவம்மாவை அழைத்திருந்தார்கள். குற்றாலிங்கமும் கூடப் போனார். முகாம் முடிந்து விமானம் ஏற இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அழைத்தவர்கள் பொலோஞா நகரத்தில் தங்க இடம் ஏற்பாடு செய்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

குற்றாலிங்கத்துக்கு அது போதும். கைக்காசு மட்டுதான். இருக்கிற நாளும் இரண்டுதான். ஆனாலும் தன் சமையலில் நடக்காதது இந்த ஊரில் நடந்தே தீரும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

முதல் நாள் மதியம் அம்மாவைப் பெரிய சதுக்கத்துக்கே கூட்டிப்போனார். ஓர் ஓட்டல் வாசலில் ஒருவன் படம் போட்ட அட்டையை நீட்டி நீட்டி அழைத்தான். இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறானே என்று குற்றாலிங்கம் உள்ளம் குளிர்ந்துபோனார். பஸ்ஸில் ஆள் ஏற்றத் தானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அம்மாவை உட்கார வைத்தார். ஒரு தட்டு மட்டும் சொன்னார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"நல்லாருக்கும்மா! குரு சாப்பிடும்போது சீடன் உக்காருவானா? நீங்க சாப்பிடுங்க."

பரிமாற வந்த ஆள் அவரை மெய்க்காவலர் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனான்.

தக்காளி போட்ட பாஸ்தா ஆறிப்போய் வந்தது. வடிவம்மா நாலு வாய் சாப்பிட்டார்.

"போதும் அண்ணாச்சி."

அவர் கை கழுவப் போனபிறகு, மிச்சத்தைக் குற்றாலிங்கம் நின்றபடியே வழித்துச் சாப்பிட்டார். பில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததற்கே தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள்.

"நல்லவேளை, நான் நின்னேன்," என்றார் குற்றாலிங்கம். "இது ஊர் பாக்க வந்தவன மொட்டையடிக்கிற எடம்மா. என் தப்பு. சாயங்காலம் பாருங்க."

சாயங்காலம் சதுக்கத்தின் பக்கமே தலைவைக்காமல் ஒரு சந்துக்குள் புகுந்தார். படிக்கிற பிள்ளைகளும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும் ஒரு கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். பெரிய தகரத் தட்டிலிருந்து பீட்சாவைக் கத்தரியால் வெட்டி, எடை போட்டு, தாளில் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல சூடு, நல்ல மணம். விலையும் கையைக் கடிக்கவில்லை. குற்றாலிங்கம் ஒரு துண்டு வாங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார்.

அம்மா பாதித் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை காபிக் கடை. அந்த ஊரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. கண்டக்டருக்கு நிற்பதில் என்ன கஷ்டம்? ஒரு காபி சொன்னார். மணம் தெருவரைக்கும் வந்தது. அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார்.

குற்றாலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

"அம்மா, நானும் கால் தேய அலைஞ்சு பாத்துட்டேன். இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நல்லா சாப்பிடணும்னா இந்த ஊர்ல எங்கம்மா போகணும்?"

வடிவம்மா சிரித்தார்.

"வாங்க, பாப்போம்."

மதியம் நெருங்கும்வரை நடந்து, ஒரு சந்தைக்குள் போனார். ஒரு பெரிய ரொட்டி, நாலு தக்காளி, ஒரு துண்டு சீஸ், ஒரு பொட்டலம் ஆலிவ் காய் வாங்கினார். குற்றாலிங்கம் பையைத் தூக்கிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. குருவை அதெல்லாம் கேட்பதில்லை என்று ஒரு வைராக்கியம்.

கூரை போட்ட நடைபாதை அந்த ஊர் முழுக்கக் கோயில் பிரகாரம்போல நீண்டு கிடந்தது. சட்டையெல்லாம் பெயிண்ட் தெறித்த இரண்டு பேர், கையில் பொட்டலத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வடிவம்மா அவர்கள் பின்னாலேயே நடந்தார். அவர்கள் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவுக்குள் நுழைந்தார்கள். வடிவம்மாவும் நுழைந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்த குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர் நெடுக ஒயின் புட்டிகள், மேசைகளில் ஆட்கள்.

"அம்மா! இது சாராயக் கடை மாதிரில்லா இருக்கு. ஊர்ல தெரிஞ்சா என் தோல உரிச்சிருவாவ."

"அவிய முன்னால என்ன இருக்குன்னு பாருங்க."

பார்த்தார். அவரவர் கொண்டுவந்த சாப்பாட்டை மேசைமேல் பிரித்து வைத்திருந்தார்கள். அங்கே விற்பது குடிக்க மட்டும்தான், சாப்பாடு வருகிறவர்களுடையது. எலுமிச்சை சோடாகூடக் கிடைத்தது. அதை வாங்கினால் போதும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படியும் ஓர் ஏற்பாடா என்று குற்றாலிங்கம் வாயைப் பிளந்தார்.

பெயிண்டர்கள் இருவரும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். வடிவம்மா உட்கார்ந்தார். குற்றாலிங்கம் வழக்கம்போலப் பின்னால் நின்றுகொண்டு பையைத் திறந்தார். ஆனால் அது ஆள் நடக்கிற வழி. குவளைகளோடு வந்த கடைக்காரப் பெண் இரண்டு தடவை அவர்மேல் இடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோள் இரண்டையும் பிடித்து அழுத்தி, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் எத்தனையோ பேரை அப்படி அமுக்கி உட்கார வைத்தவர் அவர். எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை.

பெயிண்டர்களில் மீசைக்காரர் நெஞ்சைத் தட்டி "மௌரோ" என்று தன் பெயரைச் சொன்னார். ரொட்டியை அவரே வாங்கி அறுத்து, ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஜாடியைத் திறந்தார். எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய். அதையும் ஒவ்வொரு துண்டின்மேலும் போட்டார். பிறகு தன் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

எல்லோரும் ரொட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள். குற்றாலிங்கம் எடுக்கவில்லை.

"நீங்க ஆரம்பிங்கம்மா."

"அவரு உங்களுக்காகத்தான் காத்திருக்காரு."

"உங்க முன்னால நான் எப்படிம்மா?"

வடிவம்மாவும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மௌரோவின் குவளை இறங்கவில்லை. மூன்று பேர் சாப்பாட்டைத் தான் ஒருத்தன் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று குற்றாலிங்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார்.

கத்தரிக்காயில் பூண்டும் மிளகாயும் சுள்ளென்று இருந்தன. காலையிலிருந்து வெறும் வயிறு என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாய்க்கு அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அதற்கடுத்த வாய்க்கும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

வடிவம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு வாய் எப்போதோ தாண்டியிருந்தது. தக்காளியைக் கடித்தார். சீஸைப் பிட்டுப் போட்டுக்கொண்டார். மௌரோவின் கூட்டாளி சொன்ன எதற்கோ, ஒரு வார்த்தை புரியாமலே, வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தார். மௌரோ ஜாடியைக் காட்டி இன்னும் வேண்டுமா என்று சைகை செய்தார். வடிவம்மா ரொட்டியை நீட்டினார்.

"நெறையப் போடுங்க," என்றார், தமிழிலேயே.

மௌரோ நிறையப் போட்டார்.

குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அதன் பின்னாலேயே ஒரு வருத்தமும் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு பெயிண்டர் வீட்டுக் கத்தரிக்காய்! தேங்காய் அரைத்து, கறிவேப்பிலை தாளித்து, உப்பு கூடிவிடுமோ குறைந்துவிடுமோ என்று பயந்து பயந்து தான் சமைத்ததில் ஒரு நாளும் இல்லாத ருசியா இதில்? அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"என் சமையல்ல என்னம்மா கொறை?"

"கொறையா? உங்க ரசத்துக்கு ஆசிரமத்தையே எழுதி வைக்கலாம்."

"பெறகு ஏம்மா? ஒரு நாளாச்சும் அஞ்சாவது வாய் சாப்பிட்டிருப்பீயளா? இன்னைக்காச்சும் ரெண்டாம் தடவை கேக்க மாட்டாவளான்னு கரண்டியும் கையுமா நிப்பேன். பத்தொன்பது வருசமா நின்னேம்மா."

வடிவம்மா கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க பசியோடல்லா நின்னீய, அண்ணாச்சி. நான் வெரசா எந்திரிச்சாத்தானே நீங்க சாப்பிடுவீய."