அமுக்காத பொத்தான்

மதுரையில் ஆஸ்பத்திரிக் கருவிகளை வடிவமைக்கும் கம்பெனி ஒன்று. தலைமை வடிவமைப்பாளர் நஸ்ரின். அவளிடம் தொழில் கற்க வந்த திருமேனியோ வயதில் அவளைவிட ரொம்ப மூத்தவர். சீடனுக்கு வழுக்கை விழுந்த பிறகு குரு கிடைத்திருக்கிறாள் என்று கம்பெனியில் கேலி பேசினார்கள். திருமேனி கண்டுகொள்ளவில்லை. இந்த வேலையும் போய்விட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயம்தான் அவருக்கு.

அவருடைய முதல் கருவி அன்று உற்பத்திக்குப் போக வேண்டும். படுத்திருக்கும் நோயாளி நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் அது. நஸ்ரினின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"செயற்கை நுண்ணறிவுகிட்ட சொல்லி கம்ப்யூட்டர்லயே ஆயிரம் நோயாளிகளை உருவாக்கிப் பார்த்தாச்சு மேடம். வயசானவங்க, கர்ப்பிணி, கை நடுங்குறவங்கன்னு எல்லாரும் இருக்காங்க. வலி வந்ததும் அத்தனை பேரும் அமுக்குறாங்க. இன்னும் எதுக்கு வார்டுக்குப் போகணும்?"

"வாங்கண்ணே, போய்ட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றாள் நஸ்ரின்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

வார்டில் ஒரே ஒரு நர்ஸ். மதியம் மூன்று மணி தாண்டியும் சாப்பிடாமல் ஓடிக்கொண்டே இருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் சடையாண்டி என்ற லாரி டிரைவர், நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டவர். சோதனைக்காகக் கொடுத்த பொத்தான் அவர் கையில் இருந்தது.

இருவரும் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். எதிர்க்கோடியில் நர்ஸ் ஒருவழியாக மேஜை முன் அமர்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சடையாண்டியின் நெற்றி வியர்த்தது. மூச்சு இழுத்தது. கட்டை விரல் பொத்தான்மேல்தான் இருந்தது, ஆனால் அமுக்கவில்லை.

திருமேனி அவர் பக்கம் குனிந்தார். "அமுக்குங்கய்யா!"

சடையாண்டி தலையை ஆட்டி மறுத்தார்.

"ஏன், பொத்தான் கெட்டியா இருக்கா? விரல் வலிக்குதா?"

"இல்லய்யா." வார்த்தை திக்கித் திக்கி வந்தது. "அந்தப் புள்ள... இப்பத்தான் சோத்துல கை வச்சிருக்கு. தின்னு முடிக்கட்டும்."

திருமேனி அவர் விரலின்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார். அதே நொடியில் நஸ்ரினும் "சிஸ்டர்!" என்று கத்தினாள். சோறு ஒட்டிய கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள் நர்ஸ். பின்னாலேயே டாக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள்.

திருமேனி திரைக்கு வெளியே நின்றார். உள்ளே யாரோ அவசரமாக எதையோ கேட்டார்கள், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"பொழைச்சுக்கிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்தான்."

கையெழுத்துக்காகக் கொண்டுவந்த தாளைத் திருமேனி பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மேடம், என்னோட ஆயிரம் பேர்ல ஒருத்தர்கூட இப்படிச் செய்யலையே. ஏன்?"

ஈ மொய்த்துக்கொண்டிருந்த நர்ஸின் டப்பாவை நஸ்ரின் மூடி வைத்தாள்.

"அவங்க யாரும் அடுத்தவங்க பசியைப் பார்த்ததில்லண்ணே."